மின்வெட்டுக்குப் பிறகு காணாமல் போன வைஃபை: சாட்ஸ்வொர்த் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டர்பன் நகரின் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், நகராட்சி 1960-களில் கட்டிய ஒட்டுச்சுவர் வீடுகளில் ஒன்றில், 2023-ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்டு வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் மூவர். எண்பதை நெருங்கும் மூதாட்டி. பகலில் வேலைக்குச் செல்லும் அவருடைய மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி. மூதாட்டியை அந்த வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் ஆயா என்றே அழைக்கிறார்கள்; நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஆயாவின் தொலைக்காட்சிப் பெட்டி பழையது. அதற்குத் தானாக இணையத்தோடு இணையத் தெரியாது. 2019-இல் அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது, தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சிறிய மீடியா பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார். அன்று முதல் ஆயாவின் நாள் அதைச் சுற்றியே அமைந்தது. காலையில் தேவாரம், மாலையில் தமிழ்நாட்டுக் கோயில்களின் காணொளிகள், வெள்ளிக்கிழமைகளில் அம்மன் பாடல்கள். கண் பார்வை மங்கியதால் ரிமோட்டில் அவருக்கு வேண்டிய நான்கு பொத்தான்களுக்கு மட்டும் பேத்தி நகப்பூச்சு தடவி வைத்திருந்தார். தமிழில் சரளமாகப் பேசக்கூடியவர் அந்த வீட்டில் ஆயா ஒருவரே என்பதால், அந்தக் கருவி வழியாக வரும் தமிழ்தான் பெரும்பாலான நாட்களில் அவர் காதில் விழும் தமிழ். இந்தக் கோளாறைச் சிறியதாக நான் கருதாததற்கு அதுவே காரணம்.

இன்னொரு பின்னணியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் என்று எல்லோரும் சொல்லும் சுழற்சி முறை மின்வெட்டு 2007-இல் தொடங்கியது. 2023-இல் அது மிகக் கடுமையாக இருந்தது. ஒரு சுற்று ஏறத்தாழ 2 மணி நேரம். மின்வெட்டின் கடுமையைக் காட்டும் கட்டத்தின் எண் உயர உயர ஒரே நாளில் இரண்டு, மூன்று சுற்றுகள் வரும். தெருவில் சில வீடுகளில் இன்வெர்ட்டர் இருந்தது. இந்த வீட்டில் இல்லை.

கோளாறு தொடங்கிய விதம்

மே மாத நடுவில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தது. அதுவரை கைப்பேசி சிம் அட்டையில் இயங்கும் பழைய ரௌட்டர் ஒன்று இருந்தது. அதில் வேகம் குறைவு, ஆனால் மீடியா பிளேயர் ஒருநாளும் அறுபட்டதில்லை. புதிய ரௌட்டர் வாசல் அறையின் ஜன்னலோரம் வைக்கப்பட்டது. தொலைக்காட்சி இருப்பது அதற்கு அடுத்த அறையில், ஒரே ஒரு சுவர் தாண்டி.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, மின்சாரம் திரும்பிய பிறகு பிளேயர் இணையத்தோடு இணையவில்லை. மறுநாள் காலை தானாகவே இணைந்திருந்தது. மூன்று நாள் கழித்து மீண்டும் இணையவில்லை. ஜூன் முழுவதும் இப்படியே கழிந்தது. கைப்பேசிகளும் பேத்தியின் மடிக்கணினியும் எந்தச் சிக்கலும் இன்றி இயங்கியதால், வீட்டார் எல்லோரும் பிளேயர்தான் கெட்டுவிட்டது என்று நம்பினார்கள். அறுபடும் மாலைகளில் ஆயா பாட்டரி வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்துக்குக் காத்திருந்தார்.

நான் போவதற்கு முன் செய்யப்பட்டவை

இணையச் சேவை நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு மகள் அழைத்தபோது, ரௌட்டரை அணைத்து மீண்டும் போடச் சொன்னார்கள். போட்டதும் பிளேயர் இணைந்துவிட்டது. இந்த ஒரு வெற்றி பின்னர் பெரிய தடையாக அமைந்தது. அடுத்த முறை அறுபட்டபோதும் அவர்கள் அதையே செய்தார்கள், அன்று இணையவில்லை, மீண்டும் செய்தார்கள், மூன்றாவது தடவையில் இணைந்தது. காரணம் தெரியாமலே வேலை செய்யும் வைத்தியம் ஒன்று கையில் இருந்ததால், காரணத்தை யாரும் தேடவில்லை.

கடைக்காரர் ஒருவர், மின்சாரம் திரும்பும்போது வரும் அழுத்த ஏற்றத்தால் பிளேயரின் வைஃபை பகுதி எரிந்திருக்கும், புதிது வாங்குங்கள் என்றார். அந்த ஊகம் அறிவீனமானது என்று சொல்ல முடியாது. மின்வெட்டு முடியும் நொடியில் ஏற்படும் அழுத்த ஏற்றத்தால் பல வீட்டுச் சாதனங்கள் பழுதாவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஆனால் எரிந்துபோன பகுதி மறுநாள் காலையில் தானாக வேலை செய்யாது என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன், உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, பிளேயரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தான். இதுதான் மிகவும் துன்பம் தந்த நடவடிக்கை. பிளேயர் முதல் அமைப்புத் திரைக்குப் போய்விட்டது. அதைத் தாண்ட இணையம் வேண்டும். வீட்டு வைஃபையின் பெயரோ பட்டியலில் இல்லை. நான்கு ஆண்டுகளாக ஆயா சேர்த்து வைத்திருந்த காணொளிப் பட்டியல், நான்கு பொத்தான்களில் சென்றடையும் வழி, எல்லாம் போய்விட்டன.

முதல் வருகையும் நான் செய்த பிழையும்

ஜூலை 8, சனிக்கிழமை, மகள் என்னை அழைத்தார். வீட்டு நெட்வொர்க் வேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் நான். போனதும் என் கைப்பேசியை அவர்களுடைய வைஃபையில் இணைத்துப் பார்த்தேன். உடனே இணைந்தது, வேகமும் நன்றாக இருந்தது. பிளேயரின் பட்டியலிலும் வீட்டு வைஃபையின் பெயர் அப்போது தெரிந்தது.

பிளேயருக்கான மின்சாரம் தொலைக்காட்சியின் பின்புற யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அத்தகைய பழைய துளைகள் பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவே தரும்; பிளேயரின் அடியில் 1 ஆம்பியர் வேண்டும் என்று எழுதியிருந்தது. மின்னோட்டம் போதாமல் வைஃபை பகுதி தடுமாறுவது நான் பல வீடுகளில் கண்ட கோளாறு. பிளேயரோடு வந்த சார்ஜர் எங்கே என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து ஆயா எடுத்துக் கொடுத்தார். இரண்டு தட்டை முனை கொண்ட அமெரிக்கச் சார்ஜர். நம் சுவரில் உள்ள மூன்று உருண்டைத் துளைகளில் அது செல்லாது என்பதால் நான்கு ஆண்டுகளாக இழுப்பறையிலேயே கிடந்திருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளூர்ச் சார்ஜர் ஒன்றைப் பொருத்தினேன். பிளேயர் இணைந்தது. அமைப்பை முடித்து, ஆயாவின் பட்டியலில் நினைவிருந்தவற்றை மீண்டும் சேர்த்து, கோளாறு நீங்கியது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு இடங்களில் நான் தவறினேன். என் கைப்பேசி இணைந்தது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். புதிய ரௌட்டர் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் ஒலிபரப்பியது, பிளேயருக்கு 2.4 மட்டுமே தெரியும். ஆகவே என் கைப்பேசி இணைந்தது, பிளேயர் நம்பியிருக்கும் அலைவரிசையைப் பற்றி எனக்கு எதையும் சொல்லவில்லை. இரண்டாவது, தானாகவே வந்து தானாகவே போகும் கோளாறு, அது இல்லாத நேரத்தில் நான் போனபோது இல்லாமல்தான் இருக்கும். அந்த நேரத்தில் நான் செய்த மாற்றம் எதுவாக இருந்தாலும் வெற்றி பெற்றதாகவே தோன்றியிருக்கும். உதவி எண்ணில் பேசியவர் செய்த அதே பிழையை, அவரைவிட அதிக அனுபவம் இருந்தும், நானும் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை மாலை மின்வெட்டு முடிந்ததும், "மாமா, மறுபடியும் வரவில்லை" என்று பேத்தி அழைத்தார். பின்னணியில் ஆயா, "தம்பியைத் தொந்தரவு செய்யாதே, நாளைக்கு வந்துவிடும்" என்று சொல்வது கேட்டது. கோளாறின் முக்கியமான இயல்பை அவர் சரியாகவே கவனித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புலப்பட்டது.

குறிப்பேடு

அன்று நான் உடனே போகவில்லை. பேத்தியிடம் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கச் சொன்னேன். ஒவ்வொரு மின்வெட்டுக்கும் ஒரு வரி. மின்சாரம் எப்போது போனது, எப்போது வந்தது, பிளேயர் இணைந்ததா, இணையாவிட்டால் திரையில் என்ன எழுதியிருந்தது என்பதை வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். அத்துடன், கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை ஆய்வுச் செயலி ஒன்றைத் திறந்து, வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை எந்தச் சேனலில், அதாவது அந்த அலைவரிசைக்குள் எண்ணிட்டுப் பிரித்த தடங்களில் எதில், இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். ரௌட்டரை யாரும் அணைத்துப் போடக் கூடாது என்று சொன்னேன். அந்த நாட்களில் ஆயாவுக்கு இழப்பு உண்டு என்பது தெரிந்தே கேட்டேன். அவரிடமும் நேரடியாகச் சொல்லிச் சம்மதம் பெற்றேன்.

திரையில் வரும் சொற்களை ஏன் அப்படியே கேட்டேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "வைஃபை வரவில்லை" என்று வீட்டார் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வேறுபட்ட நிலைகள் ஒளிந்திருக்கின்றன. முதல் நிலையில், பிளேயர் காற்றில் தேடி, தன் வீட்டு வைஃபையின் பெயரைக் காண வேண்டும். பெயரே பட்டியலில் இல்லையென்றால் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. பெயர் தெரிந்தும் சேர முடியாவிட்டால் கடவுச்சொல் தவறாக இருக்கலாம், அல்லது ரௌட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டு, பழைய பிளேயர் அதை அறியாமல் இருக்கலாம். சேர்ந்த பின் ரௌட்டர் பிளேயருக்கு ஓர் ஐ.பி. முகவரி தர வேண்டும், 169.254 என்று தொடங்கும் முகவரி அமைப்புப் பக்கத்தில் தெரிந்தால், ரௌட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் பிளேயர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரியும் கிடைத்த பிறகுதான் வெளியுலகம். அங்கே ஃபைபர் இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும், பிளேயரின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இத்தகைய சிறிய பிளேயர்களில் நேரத்தைக் காக்கும் பாட்டரி பெரும்பாலும் இருப்பதில்லை. மின்சாரம் போய் வந்ததும் அவை பழைய தேதி ஒன்றிலிருந்து தொடங்கி, இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்றுக்கொள்கின்றன. நேரம் கிடைக்கும் வரை, பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் தொடங்காத தேதியைக் கொண்டவையாக அவற்றுக்குத் தோன்றும்; ஆகவே இணைப்பை மறுத்துவிடும்.

குறிப்பேடு ஒன்பது நாள் நடந்தது. அந்த நாட்களில் 14 மின்வெட்டுகள். எட்டு முறை பிளேயர் உடனே இணைந்தது. நான்கு முறை வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலிலேயே இல்லை. இரண்டு முறை பெயர் இருந்தது, சேர்ந்தும் விட்டது, ஆனால் இணையம் இல்லை என்று திரை சொன்னது. ஒரே கோளாறு என்று நாங்கள் எல்லோரும் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது, எழுதிப் பார்த்ததும் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

சேனல் எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இணைந்த எட்டு முறையும் 1, 6, 9, 11 ஆகிய எண்களில் ஏதோ ஒன்று. பெயர் மறைந்த நான்கு முறைகளில் மூன்று முறை 13, ஒரு முறை 12. இழுப்பறையில் கிடந்த தட்டை முனைச் சார்ஜர் அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் வருகை

ஜூலை 20, வியாழக்கிழமை. மறுநாள் ஆடி முதல் வெள்ளி. மாலைச் சுற்று முடிந்து பெயர் மறைந்திருப்பதாகப் பேத்தி சொன்னதும் புறப்பட்டுப் போனேன். இம்முறை கோளாறு என் கண்முன் இருந்தது.

பிளேயரின் பட்டியலில் அண்டை வீட்டு வைஃபைகள் ஆறு தெரிந்தன. வைஃபை பகுதி எரிந்துவிட்டது என்ற ஊகம் அத்தோடு முடிந்தது. என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தேன். பிளேயர் அதில் உடனே சேர்ந்து, பாடல் ஒன்றையும் இயக்கியது. அதே நேரத்தில் ஆய்வுச் செயலி, வீட்டு ரௌட்டர் சேனல் 13-இல், தொலைக்காட்சிக்கு அருகில் -57 டிபிஎம் என்ற நல்ல வலிமையோடு ஒலிபரப்புவதாகக் காட்டியது. பலமான அலை, நலமான கருவி, ஆனால் ஒன்றை ஒன்று காணவில்லை.

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் சென்று, "தானாகத் தேர்ந்தெடு" என்றிருந்த சேனலை 11 என்று மாற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் பெயர் பட்டியலில் தோன்றியது. முதல் வருகையில் செய்த பிழையை மீண்டும் செய்யக் கூடாது என்பதால், வேண்டுமென்றே 13-க்குத் திரும்பக் கொண்டுபோனேன், பெயர் மறைந்தது. 6-இல் வைத்தேன், வந்தது. 12-இல் வைத்தேன், மறைந்தது. மீண்டும் 11, வந்தது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சேனல் போய்விட்டது, தமிழ்ச் சேனலா என்று கேட்டார். தொலைக்காட்சிச் சேனல் வேறு, இது வேறு. ஒரே தெருவில் பல வீடுகள் பேசும்போது ஒன்றன் மேல் ஒன்று விழாமல் இருக்க ஒவ்வொருவரும் பிடித்துக்கொள்ளும் தடம் போன்றது என்று விளக்கினேன்.

பழைய சிம் ரௌட்டர் அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். அதன் சேனல் 6 என்று நிலையாக அமைக்கப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளாகப் பிளேயர் ஏன் ஒருநாளும் அறுபடவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது.

காரணம்

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல் 1-இன் நடு அலைவெண் 2412 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து ஐந்தைந்தாகக் கூடி, சேனல் 6 என்பது 2437, 11 என்பது 2462, 12 என்பது 2467, 13 என்பது 2472. ஐரோப்பாவைப் போலவே தென்னாப்பிரிக்காவிலும் 13 சேனல்களும் பயன்பாட்டில் உள்ளன. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்படும் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 1 முதல் 11 வரை மட்டுமே தேடும்; அங்கே 12, 13 ஆகியவற்றில் ஒலிபரப்பும் ஆற்றலுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு என்பதால் தயாரிப்பாளர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். கைப்பேசிகளோ தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைச் சிம் வழியாகவும் சுற்றியுள்ள ரௌட்டர்களின் அறிவிப்பு வழியாகவும் அறிந்து தம்மை மாற்றிக்கொள்கின்றன. மகன் அன்போடு கொண்டுவந்த பிளேயர் பிறந்த நாட்டின் விதியையே இங்கும் கடைப்பிடித்தது.

மின்வெட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்னவென்றால், இந்த ரௌட்டர் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் காற்றைக் கேட்டு, நெரிசல் குறைந்த சேனலைப் பிடிக்கிறது. மின்சாரம் திரும்பும் நிமிடத்தில் தெருவில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவை இன்வெர்ட்டர் உள்ள வீடுகளின் ரௌட்டர்கள் மட்டுமே. குறிப்பேட்டின்படியும் செயலியின்படியும் அவை 1, 6, 11 ஆகியவற்றில் இருந்தன. மற்ற வீடுகளின் ரௌட்டர்கள் எல்லாம் அதே நிமிடத்தில் எழுந்துகொண்டிருக்கும். அவற்றின் குரல் இன்னும் கேட்காது. ஆகவே கடைசி ஓரத்தில் உள்ள 12-உம் 13-உம் அமைதியாகத் தோன்றும். பத்து நிமிடம் கழித்து ரௌட்டரை அணைத்துப் போட்டால் தெரு முழுவதும் விழித்திருக்கும். கணக்கு மாறி வேறு சேனல் விழக்கூடும். "அணைத்துப் போட்டால் சரியாகிறது" என்ற அனுபவம் பொய்யல்ல. சீட்டை மறுபடியும் குலுக்கிப் பார்ப்பதைப் போன்றது அது.

இணையம் இல்லை என்று வந்த இரண்டு முறைகளின் காரணம் கடிகாரம். அன்று மாலையே பிளேயரின் மின்சாரத்தை எடுத்து, ஃபைபர் பெட்டியையும் அணைத்து, இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். ரௌட்டரின் வைஃபை முதலில் எழுந்தது. ஃபைபர் இணைப்பு நிலைபெற மேலும் சில நிமிடம் ஆனது. அந்த இடைவெளியில் பிளேயர் நேரத்தைக் கேட்டு, பதில் கிடைக்காமல், 2015 ஜனவரி 1 என்ற தேதியோடு நின்றுவிட்டது. ஃபைபர் வந்த பிறகும் அது உடனே மறுபடி கேட்கவில்லை. பிளேயரை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட்டதும் சரியானது.

எடுத்த முடிவுகள்

பிளேயரின் அமைப்புகளில் நாட்டை மாற்றும் வழி இல்லை. புதிய பிளேயர் வாங்குவது எளிய தீர்வு. மகளும் அதற்குத் தயாராக இருந்தார். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. புதிய கருவி என்றால் புதிய ரிமோட், புதிய திரை, புதிய வழி. நகப்பூச்சு தடவிய நான்கு பொத்தான்களை விரல் நுனியில் வைத்திருக்கும் ஒருவரிடம், எண்பது வயதில், வேறொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்குப் பிளேயர் கெட்டிருக்க வேண்டும். அது கெடவில்லை.

ஆகவே ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை நிலையாக்கினேன். எண்ணைத் தேர்வதற்கு முன், தெரு விழித்திருக்கும் நேரத்தில் எண்ணிப் பார்த்தேன்: சேனல் 1-இல் ஏழு வைஃபைகள், 6-இல் ஒன்பது, 11-இல் நான்கு. ஒன்றை ஒன்று மிதிக்காமல் இருக்கக்கூடியவை இந்த மூன்றுமே என்பதால் இடையில் உள்ள எண்களை எடுக்கவில்லை, 11-ஐத் தேர்ந்தேன். அலையின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று குறைத்தேன். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் அகலமான அலை தனக்கும் உதவாது, அயலாருக்கும் இடைஞ்சல். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்தேன். இனி எந்தக் கருவி எதில் இருக்கிறது என்பது பெயரைப் பார்த்தாலே தெரியும். பழைய பெயரை 2.4-க்கே விட்டதால் பிளேயரில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கடிகாரத்துக்கு எளிய பழக்கம் ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம்: மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்தே பிளேயரின் சுவர் சுவிட்சைப் போடுவது.

ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கிவிட்டால் மறுதொடக்கமே இருக்காதே என்று மகள் கேட்டார். சரியான கேள்வி. ஆனால் அதை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன். யூபிஎஸ் வந்துவிட்டால் ரௌட்டர் அணையாது. அணையாவிட்டால் என் மாற்றம் உண்மையில் வேலை செய்ததா என்பது தெரியாது. யூபிஎஸ்ஸின் பாட்டரி தளர்ந்துபோகும் நாளில் கோளாறு மீண்டும் எழுந்து நிற்கும்.

பின் நிகழ்ந்தவை

ஆடி முதல் வெள்ளியன்று ஆயா அம்மன் பாடல்களைக் கேட்டார். குறிப்பேட்டை ஆகஸ்டு 4 வரை தொடர்ந்தோம். அந்த இரண்டு வாரங்களில் 19 மின்வெட்டுகள். பெயர் ஒருமுறையும் மறையவில்லை. இணையம் இல்லை என்பது ஒருமுறை வந்தது. அன்று ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை. அதன் பிறகே யூபிஎஸ் வாங்கப்பட்டது. அத்தோடு அந்தச் சிக்கலும் பெரும்பாலும் நின்றது.

ஒரே ஒரு பின்னடைவு நவம்பரில். இரவோடு இரவாக ரௌட்டரின் மென்பொருள் தொலைவிலிருந்து புதுப்பிக்கப்பட்டது. சேனல் மீண்டும் "தானாகத் தேர்ந்தெடு" என்று மாறி, 12-இல் போய் நின்றது. பேத்தி என்னை அழைக்கவில்லை. பிளேயரின் பட்டியலைப் பார்த்தார், பெயர் இல்லை, செயலியைப் பார்த்தார், 12, ரௌட்டரின் அடியில் நான் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் "2.4 சேனல் 11, அகலம் 20" என்றிருந்தது, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு, முடிந்த பிறகு எனக்குத் தகவல் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் வருகையில் நான் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: இந்தக் கருவி எந்த நாட்டில் வாங்கியது? பிள்ளைகள் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் வேலை பார்க்கும் வீடுகள் எங்கள் பகுதியில் பல. விடுமுறைக்கு வருபவர்கள் கையில் இத்தகைய பரிசுகள் இருக்கும். சார்ஜரின் முனையைக் கண்ணால் பார்த்தும் அதைச் செருகும் வசதிக்கேடாக மட்டும் எண்ணியது என் கவனக்குறைவு. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் விவரத்தாளை முதலில் படிக்கிறேன்.

போதாத மின்சாரத்தைச் சரிசெய்தது தவறன்று. அது எப்படியும் செய்திருக்க வேண்டியதே. அதைச் செய்து முடித்த அதே நாளில் கோளாறு நீங்கியது என்று அறிவித்ததுதான் தவறு. மின்வெட்டோடு வரும் கோளாறை, குறைந்தது பத்து மின்வெட்டுகள் கடந்த பிறகே தீர்ந்ததாகச் சொல்வது என்று பின்னர் எனக்கு ஒரு வரையறை வைத்துக்கொண்டேன். அதற்கு முன் யாராவது கேட்டால், ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

தொழிற்சாலை மீட்டமைப்பைப் பற்றி இப்போது முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வரும் வரை அதைச் செய்ய வேண்டாம். வைஃபையின் பெயரே தெரியாத நிலையில் அது எதையும் சரிசெய்யாது. அழிக்க மட்டுமே செய்யும். ஆயாவின் பட்டியலில் இருந்த காணொளிகளில் சிலவற்றின் தலைப்பு அவருக்கு நினைவில்லை; ராகத்தை மட்டும் முணுமுணுத்துக் காட்டினார். பேத்தியும் நானும் பல மாலைகள் தேடி, பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தோம். மூன்று இன்னும் கிடைக்கவில்லை. அவற்றின் அடையாளங்களை, ஆயா சொன்ன சொற்களிலேயே, அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பேத்தி எழுதி வைத்திருக்கிறார்.